எதுவும் ஒட்டாத துணி

அந்தத் துணியில் தண்ணீர் ஒட்டாது. எண்ணெய் ஒட்டாது, ரத்தம் ஒட்டாது, தார் ஒட்டாது. மனிதக் கழிவும் ஒட்டாது. கடைசியாகச் சொன்னது மட்டும் மேலிடத்தில் யாருடைய காதிலோ விழுந்தது. அவ்வளவுதான், எத்தனையோ உயிர் போன பிறகு மூடிய சாக்கடைக் குழிகளைத் திறந்து மறுபடி மனிதனை இறக்கலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நான் சாதனா. அந்தத் துணியைச் சோதித்துப் பார்க்கும் பொறியாளர். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துணி சாக்கடைக்காகப் பிறந்ததல்ல. தீக்காயப் பிரிவில் படுத்திருப்பவர்களுக்கு விரிப்பு மாற்றும்போது தோலும் சேர்ந்து உரிந்து வரும். அந்த வார்டில் ஒரு நாள் நின்று அந்த அலறலைக் கேட்டுவிட்டுத்தான் நான் இந்த ஆய்வகத்தில் சேர்ந்தேன். புண்ணில் ஒட்டாத விரிப்பு ஒன்று செய்ய வேண்டும், அதுதான் எங்கள் வேலையாக இருந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள் கோட்டையிலிருந்து ஒரு செயலாளர் பார்வையிட வந்தார். எங்கள் இயக்குநர் வேதநாராயணன் அவருக்கு விளக்கினார்.

"ஒவ்வொரு நூல் மேலயும் கண்ணுக்குத் தெரியாத முட்கள் இருக்கு சார். தலைமுடியோட குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்லாம் நானோ அளவு. அந்த முட்களுக்கு நடுவுல வழுக்குற திரவம் ஒண்ணைத் தேக்கி வெச்சிருக்கோம். மேல எது வந்து விழுந்தாலும் அந்தத் திரவத்து மேல மிதந்து வழுக்கிப் போயிடும். துணியைத் தொடவே தொடாது."

"தொடவே தொடாதா?"

"தொடாது சார்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அப்போ இதைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் சாக்கடைக்குள்ள இறங்கினா, சட்டப்படி அவன் கழிவைத் தொடறதே இல்லையே!"

என் அப்பா அப்படியொரு குழியில்தான் செத்தார்.

சோதனை காட்டினோம். ஒரு ரப்பர் பொம்மைக்குத் துணியை மாட்டி, தொட்டிக்குள் இறக்கினோம். தொட்டியில் இருந்தது அசல் கழிவல்ல. எங்கள் ஆய்வகத்தில் அசல் கழிவு ஒரு சொட்டுகூட நுழைந்ததில்லை, வேதநாராயணன் சாருக்குக் குமட்டும். உளுந்து மாவு, களிமண், கடலை எண்ணெய் எல்லாம் கலந்து பதமாகக் கரைத்து, அதற்கு 'மாதிரிக் கழிவு' என்று பெயர் வைத்திருந்தோம். ஆய்வகமே இட்லிக் கடை போல மணக்கும். பொம்மையின் தலையில் திருகியிருந்த வளையத்தில் கொக்கியை மாட்டிக் கிரேன் மேலே தூக்கியது. ஒரு கறை இல்லை.

"கையைப் பிடிச்சுப் பாருங்க சார்" என்றார் வேதநாராயணன். செயலாளர் பொம்மையின் கையைப் பிடித்தார். வழுக்கியது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். வழுக்கியது. வேதநாராயணன் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார், பொம்மை அவர் கைக்குள்ளிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கைதட்டினார்கள். அந்த நேரம் எடுத்த புகைப்படத்தைத்தான் பிறகு விளம்பரக் கையேட்டின் அட்டையில் போட்டார்கள்.

ஒருவனைக் கைபிடித்துக் குழியிலிருந்து இழுக்க வேண்டிய நாள் வரும் என்று கைதட்டியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் குழிக்குள் இறங்கியதில்லையே, எப்படித் தோன்றும்?

குழிக்குள் மனிதனை இறக்கக் கூடாது என்ற சட்டத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தார்கள். கழிவுடன் உடல் தொடர்பு ஏற்படாத எந்தப் பணியும் தடைக்குள் வராது. துணிக்குத் தூயாடை என்று பெயர் வைத்தார்கள். தைத்து விற்கும் உரிமை நிர்மலம் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போயிற்று. ஊர்ச் சாக்கடையை அள்ளும் ஒப்பந்தமும் அதே நிறுவனத்துக்குத்தான்.

என் அண்ணன் நவீன் அந்த நிறுவனத்தில் இயந்திர ஓட்டுநர். குழிக்குள் இறங்கி அடைப்பெடுக்கும் இயந்திரம் அது. முன்னால் இரண்டு கொடுக்கு இருப்பதால் அதை எல்லாரும் நண்டு என்று கூப்பிடுவார்கள். அண்ணன் மேலே வண்டியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, விசையை அசைப்பான். கீழே நண்டு அள்ளும். வேலை முடிந்தால் சட்டை கசங்காமல் வீட்டுக்கு வருவான். அப்பா செத்த வேலையில் சட்டை கசங்காமல் வீடு திரும்புவது எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எங்களைப் போன்றவர்களுக்கு விளங்கவைக்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி மோனிஷா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நண்டக் கொண்டு போயி குடோன்ல போட்டுட்டாங்க சாதனா."

"ஏன்?"

"அதுக்கு டீசல் ஊத்தோணும், சர்வீஸ் பண்ணோணும், துணிக்கு ஒண்ணும் வேண்டாமாம். சூப்பர்வைசர் சொல்றாரு, உனக்குத்தான் எல்லா லைனும் அத்துப்படியாச்சே, நீயே எறங்கிருன்னு."

"நீ என்ன சொன்னே?"

"சொல்றதுக்கு என்ன இருக்குது? நான் மாட்டேன்னா இன்னொருத்தன வெப்பாங்க." சிரிக்கப் பார்த்தான். "உன்ர துணிதான? நம்பி எறங்கலாமல்ல?"

"அது என்ர துணி இல்லண்ணா. நீ மயங்கி விழுந்தீன்னா உன்னப் புடிச்சு இழுக்க முடியாது. வழுக்கும். புடிக்க ஒரு வார் வெச்சுத் தரச் சொல்றேன். அது வர்ற வரைக்கும் எறங்காத. என்ர மேல சத்தியம் பண்ணு."

"சரி சரி, தோசையத் தின்னு." அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் சத்தியம் பண்ணவில்லை.

மறுநாளே வேதநாராயணன் அறைக்குப் போனேன்.

"தோள்பட்டையில ஒரு வார் தைக்கணும் சார். ஆபத்துன்னா பிடிச்சுத் தூக்க."

"ஊசி போற இடத்துல எல்லாம் முள் உடைஞ்சிடும் சாதனா. அதோட வார் கழிவை உறிஞ்சும். உறிஞ்சினா அது தொடர்பு. சட்டப்படி இறங்கவே முடியாது. ப்ராஜெக்டே போயிடும்."

"ஆள் மயங்கினா?"

"முகமூடி குடுத்திருக்கோமே."

"முகமூடி நாத்தத்தைத்தான் சார் வடிகட்டும். காத்தே இல்லாத இடத்துல எதை வடிகட்டும்?"

"கயிறு கட்டி இறங்கட்டும்."

"கயிறும் வழுக்கும். அதுக்குத்தானே நாம சம்பளம் வாங்கறோம்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்க வீட்டு விஷயத்தை எல்லாம் லேபுக்குள்ள கொண்டு வராதீங்க."

அவரை அறைந்திருப்பேன். அறையவில்லை என்பதில் இன்றுவரை எனக்கு ஒரு பெருமையும் இல்லை. பாதுகாப்புச் சான்றில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்து அறையில் இருந்தவர் போட்டார். அவருக்கு அந்த வருடமே பதவி உயர்வு வந்தது.

அடுத்த மழைக்கு அண்ணன் செத்துப்போனான்.

அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு வெளியே நஞ்சப்பன் மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் குழுவில் மூத்தவர் அவர்தான். என்னைப் பார்த்ததும் தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார், ஏதோ தப்பு செய்தவை அந்தக் கைகள்தான் என்பது போல.

"புடிச்சனம்மிணி. மேல இருந்து கயிறு போட்டோம், அவன் கை தூக்குனாப்புல ஆச்சு, கயிறு அப்பிடியே தலை வழியா உருவிட்டு வந்துருச்சு. நானே எறங்குனேன். கக்கத்துல கையக் குடுத்துத் தூக்குனேன், வழுக்குது. இடுப்பக் கட்டிப் புடிச்சேன், வழுக்குது. கையுறையப் புடிச்சு இழுத்தேன், அது மட்டும் என்ர கையோட வந்துருச்சு. அவன் முழிச்சுப் பாத்தான் அம்மிணி. என்னயப் பாத்தான். எனக்கும் மூச்சு முட்டிப் போயி அவிய என்னய மேல இழுத்துட்டாங்க. என்னய இழுக்க முடிஞ்சுது, நான் வெறும் லுங்கிதான கட்டியிருந்தேன்."

அவரைத் தாண்டி நான் பிணவறைக்குள் போனேன்.

உள்ளே நிர்மலம் நிறுவனத்து ஆள் ஒருவன் கேமராவோடு நின்றிருந்தான். அண்ணன் உடலைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அத்தனை நேரம் சாக்கடையில் கிடந்த உடல் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. மறுநாள் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் எழுதியிருந்தார்கள்: 'விபத்து வருந்தத்தக்கது. எனினும் ஆடை தன் பணியை முழுமையாகச் செய்திருக்கிறது.'

அதை அண்ணிக்குப் படித்துக் காட்டாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். அவள் எப்படியோ படித்துவிட்டாள். அழுது முடித்துவிட்டு, "அவிய வீட்டுப் பசங்களுக்கு இந்தத் துணியில சட்டை தெச்சுப் போடச் சொல்லு" என்றாள். கருணை அடிப்படையில் அவளுக்கு அண்ணன் குழுவிலேயே வேலை கொடுத்தார்கள். குழியின் மேலே நின்று மூடி திறப்பது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது. புருஷன் செத்த குழியையும் அவள்தான் திறந்து மூடினாள்.

தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. மனிதனை இறக்குவதையே நிறுத்த வேண்டும் என்று கேட்டார்கள். நீதிமன்றம் அந்த அளவுக்குப் போகவில்லை, இரண்டு நிபந்தனை மட்டும் விதித்தது. ஒன்று, ஆபத்தில் கைபிடித்துத் தூக்கும்படி ஆடையை மாற்ற வேண்டும், பழைய ஆடையைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு, ஒவ்வொரு குழியிலும் இறங்கும் முன் அதே குழியிலிருந்து ஒரு குவளை மொண்டு ஆடையின் மேல் ஊற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு ஒட்டி நின்றாலும் இறங்கக் கூடாது, இயந்திரத்தைத்தான் இறக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையைக் கேட்டு நிறுவனத்து வக்கீல்கள் சிரித்தார்களாம். ஒட்டாததுதானே அவர்கள் விற்கும் சரக்கு!

வேதநாராயணன் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார்.

"ஒரு ஸ்பெஷல் கையுறை பண்றோம் சாதனா. மீட்கறவன் போட்டுக்கறது. உலகத்துல எது பட்டாலும் வழுக்குற துணி, அந்தக் கையுறைக்கு மட்டும் பிடி குடுக்கணும். சாவியும் பூட்டும் மாதிரி. துணியோட வேதியியலையே மாத்தணும். இந்த லேபுல உன்னால மட்டும்தான் முடியும்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "உன் அண்ணன் நினைவா கையுறைக்கு 'நவீன்'னு பேர் வைக்கலாம்னு நிர்மலத்துல ஆசைப்படறாங்க. மனசு இருக்கிறவங்க அவங்க."

இதுவரை ஒருமையில் பேசியதில்லை அவர். அண்ணனைக் கொன்றதும் நெருக்கம் வந்துவிட்டது. மூஞ்சியில் காபியை ஊற்ற வேண்டும் போல இருந்தது.

"சரி சார்" என்றேன். "பண்றேன்."

செய்தேன். உண்ணாமல் உறங்காமல் என்று சொல்வார்களே, அப்படித்தான் செய்தேன். கையுறையைத் தொட்டால் பற்றிக்கொள்ளும், மற்ற எதைத் தொட்டாலும் வழுக்கும். பொம்மையை அந்தக் கையுறையோடு ஒற்றை ஆளாகத் தொட்டியிலிருந்து தூக்கிக் காட்டினேன். உளுந்து மாவு ஒரு துளி ஒட்டவில்லை. வேதநாராயணன் கண்கலங்கிவிட்டார். தர ஆய்வுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் எங்கள் தொட்டியிலேயே, எங்கள் மாவுக்கரைசலிலேயே முக்கி முக்கிப் பார்த்துத் தேர்ச்சி போட்டார்கள். இந்த முறை சான்றில் நான் கையெழுத்துப் போட்டேன். சான்றில் 'மாதிரிக் கழிவில் சோதிக்கப்பட்டது' என்று அச்சடித்த வரி எப்போதும் இருக்கும். அது பொய்யில்லை. பழைய ஆடைகளை எல்லாம் திரும்ப வாங்கி அழித்தார்கள்.

புதிய ஆடைக்குத் தொடக்க விழா வைத்தார்கள். ஒரு கடைவீதியில் பந்தல் போட்டு, குழியைச் சுற்றிக் கோலம்கூடப் போட்டிருந்தார்கள். அந்தச் செயலாளர் வந்திருந்தார், தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள், நீதிமன்றம் நியமித்த பார்வையாளர் ஓர் ஓரமாக நின்றிருந்தார். ஆடையைப் போட்டுக்கொண்டு நின்றவர் நஞ்சப்பன் மாமா. வேறு யாரும் முன்வரவில்லையாம். முந்தின நாள் அவரிடம் நான் ஒன்றுதான் சொல்லியிருந்தேன்: "குவளை ஊத்தறதுக்கு முன்னாடி யார் சொன்னாலும் கால எடுத்து உள்ள வெக்காதீங்க மாமா."

அண்ணி மூடியை நெம்பித் திறந்தாள். வாசம் எழும்பியது. மேடையில் இருந்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். அவள் கயிறு கட்டிய வாளியை உள்ளே விட்டு, குவளையில் மொண்டு, நஞ்சப்பன் மாமாவின் நெஞ்சில் ஊற்றினாள்.

வழியவில்லை.

ஊற்றிய இடத்தில் அப்படியே அப்பிக்கொண்டது. இன்னொரு குவளை ஊற்றினாள், அதுவும் அப்பியது. வெள்ளைத் துணி பழுப்பாகிக் கொழகொழவென்று ஆயிற்று. நிர்மலம் நிறுவனத்து மேலாளர் ஓடிவந்து குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சச் சொன்னார். போகவில்லை. பார்வையாளர் கிட்டே வந்து பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு, "இறங்கக் கூடாது" என்றார். செயலாளர் மேடையை விட்டு இறங்கிக் காருக்குப் போய்விட்டார்.

"அப்ப அடைப்ப யாரு எடுக்கறதுங்?" என்று ஒரு கடைக்காரர் கத்தினார். "கடைக்குள்ள தண்ணி ஏறுதுங்!"

"நண்டக் கொண்டுட்டு வாங்க" என்றாள் அண்ணி. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மைக் பக்கத்தில் இருந்ததால் வீதி முழுக்கக் கேட்டது. மத்தியானத்துக்குள் குடோனிலிருந்து நண்டு வந்து குழிக்குள் இறங்கியது.

அன்று மாலை வேதநாராயணன் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"என்ன ஆச்சு? இங்க ஒவ்வொரு தடவையும் தேறிச்சே!"

"இங்க தேறும் சார். கையுறைக்குப் பிடி குடுக்கணும்னா துணியில ஒரு பூட்டு வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தப் பூட்டை அம்மோனியாவும் திறந்துவிடும். சிறுநீர் அழுகினா அம்மோனியா வரும். பூட்டு திறந்துட்டா துணி எல்லாத்தையும் பிடிச்சுக்கும்."

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"உளுந்து மாவுல மூத்திரம் கிடையாது சார். நம்ம லேபுல அசலை யாரு தொட்டுப் பார்த்தது?"

"நீ வேணும்னே பண்ணியிருக்கே!"

"வேற பூட்டு இருந்தா நீங்களே கண்டுபிடிங்க. பூட்டு இல்லாத பழைய துணியைப் போடக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு. அது தீக்காய வார்டுக்குப் போகட்டும். படுக்கை விரிப்பை யாரும் கையைப் பிடிச்சுத் தூக்க வேண்டியதில்லை."

அவர் எழுந்து நடந்தார். திரும்ப வந்து உட்கார்ந்தார். மேலதிகாரிகளுக்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பது தெரிந்தது. "சரி. அம்மோனியா மட்டும்தானா, வேற என்னென்ன இருக்குன்னு தெரியாம மாத்த முடியாது. அசல் சாம்பிள் வேணும். நிறைய வேணும். கரைச்சுப் பார்க்கணும், தேய்ச்சுப் பார்க்கணும், மாசக்கணக்கா பார்க்கணும். உங்க ஆளுங்ககிட்டச் சொல்லி..."

"எங்க ஆளுங்க யாரும் இறங்கக் கூடாதாமே சார். சட்டம்."

"அப்புறம் எப்படி?"

"நண்டு எடுத்துக் குடுத்துச்சு" என்றேன். வெளியே போய், வராந்தாவில் வைத்திருந்த மூடிபோட்ட வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் ஒரு குவளையையும் வைத்தேன். "உங்க கண்டுபிடிப்பு, உங்க லேபு. மூடியைத் திறந்து மொண்டு ஊத்துங்க சார், நான் பக்கத்துல நின்னு குறிச்சுக்கறேன். கையுறை போடாதீங்க. பூட்டு திறந்த துணி எந்தக் கையுறையைப் பிடிச்சுக்கும், எதை விடும்னு இன்னும் தெரியாது."

அவர் வாளியைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

அந்த வேலைக்கு ஆள் தேவை என்று ஆய்வகத்தில் எல்லாரையும் கேட்டுப் பார்த்தார். முனைவர் பட்டம் வாங்கியவர்கள், வெளிநாடு போய் வந்தவர்கள், சான்றில் கையெழுத்துப் போட்டுப் பதவி உயர்வு வாங்கியவர், எல்லாரையும் கேட்டார். ஒருவருக்கு ஒவ்வாமையாம், ஒருவர் விடுப்பில் போய்விட்டார், ஒருவருக்கு வீட்டில் விரதமாம். என்னைக் கேட்கவில்லை. கேட்டுப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன், எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஏற்கனவே அந்த வேலையைப் பார்த்துவிட்டார்கள் என்று சொல்லலாம் என்று.

வாளியைக் குளிர்பதன அறையின் மூலையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறார்கள். அதன் மூடியை இன்னும் யாரும் திறக்கவில்லை.

திறக்கும் வரைக்கும் குழிக்குள் நண்டுதான் இறங்கும். அண்ணி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள்.